எந்த மொழியில் சோதித்தீர்கள்?

ஆசிரியருக்கு,

ஆங்கிலம் புதிதாகக் கற்கும் சிறுவர்களிடம் கற்றல் குறைபாட்டைக் கண்டறிவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் அதில் தந்திருந்த அறிகுறிகளில் பாதி, புதுமொழிக்குள் நுழையும் எந்தக் குழந்தையிடமும் இருக்கும். வகுப்பில் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பதும் அப்படித்தான். அந்தப் பிள்ளை வீட்டில் ஓயாமல் பேசுகிறது என்றால் அது மொழியைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கும் காலம், அவ்வளவுதான்.

தமிழ் பேசும் குழந்தை ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்கிறது, ‘ஃபேன்’ என்பதைப் ‘பேன்’ என்கிறது. தமிழ்ச் சொல் அப்படி இரு மெய்களோடு தொடங்குவதில்லை. ‘ஃபேன்’ என்பதன் முதல் ஒலியும் தமிழில் கிடையாது. இதையெல்லாம் உச்சரிப்புக் கோளாறு என்று குறித்து அனுப்பிவிடுகிறார்கள். இதே பிள்ளை தாய்மொழியிலும் தாமதமாகப் பேசத் தொடங்கியதா, கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லத் திணறுகிறதா, ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லத் தெரியவில்லையா, குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பில் சிரமம் இருந்ததா? இவற்றைக் கேட்ட பிறகுதான் சந்தேகத்துக்கு இடம். தாய்மொழியில் எழுத்தே கற்றுத்தராத குழந்தையிடம் அம்மொழிப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி எந்தப் பயனும் இல்லை. வாய்மொழியாகத்தான் சோதிக்க வேண்டும். காதும் கண்ணும் அதற்கும் முன்னால்.

இன்னொன்று. விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசும் பிள்ளை பாடத்தில் திணறினால் உடனே குறைபாடு என்கிறோம். பேச்சு ஆங்கிலம் சுமார் 2 ஆண்டுகளில் வந்துவிடும், பாட ஆங்கிலத்துக்கு 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும் என்று கனடிய ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் வெகுநாட்களுக்கு முன்பே காட்டிவிட்டார். எனவே ஆங்கிலமே தாய்மொழியான பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அதே வீட்டுமொழி, அதே அளவு ஆங்கிலப் பழக்கம் உள்ள பிள்ளைகளுக்கு நடுவே இவன் மட்டும் பின்தங்குகிறானா என்று பாருங்கள்.

கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளை ஆங்கிலத்தில் நுண்ணறிவுச் சோதனை செய்து, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் உட்காரவைத்தார்கள். இதை எதிர்த்துத் தொடரப்பட்ட, டயானா என்ற பெயரில் அறியப்படும் வழக்கு 1970-ல் சமரசத்தில் முடிந்தது. குழந்தையின் வீட்டுமொழியிலும் சோதிக்க மாநிலம் ஒப்புக்கொண்டது. ஆங்கிலம் போதாமையே முக்கியக் காரணம் என்றால் குறைபாடு என முடிவு செய்யக்கூடாது என்று இன்றைய அமெரிக்கச் சட்டமும் சொல்கிறது.

ஆனால் இந்த விதியைச் சாக்காக்கி, “ஆங்கிலம் வரட்டும், பார்க்கலாம்” என்று ஆண்டுகளைக் கடத்துவதையும் பார்க்கிறேன். எனக்கு அதிகக் கோபம் வருவது இதில்தான். டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஆங்கிலம் சரளமான பிறகும் வாசிப்பு எளிதில் வராது. பயிற்சி எளிதில் பலன் தரும் வயது மட்டும் போய்விடும். சிறு குழுவில் ஒலிப்பயிற்சியை இப்போதே தொடங்கி, முன்னேற்றத்தை வாராவாரம் குறித்துவைத்தால் முடிவெடுக்கவும் அதுவே உதவும். வீட்டில் தாய்மொழியை நிறுத்தச் சொல்லும் அறிவுரையைத் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். இருமொழி பேசுவதால் குறைபாடு வருவதில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதியில் பெற்றோருக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்ததும், எந்த மொழியில் சோதித்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். இல்லையென்றால், கையெழுத்திடும் முன் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி ஆசிரியை ஒருவர்