களஞ்சியப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய பீடாதிபதி அவர்களுக்கும் கொள்முதல் குழுவினருக்கும்,

வணக்கம். நமது இரசாயனக் களஞ்சியத்தின் நிலை உங்களுக்குப் புதிதல்ல. கூட்டத்துக்குக் கூட்டம் பேசி, "அடுத்த வருட ஒதுக்கீட்டில் பார்ப்போம்" என்று முடித்த விடயம்தான். போன வாரம் நடந்ததற்குப் பிறகும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

மேல் தட்டின் பின்வரிசையில் கிடந்த டைஎதில் ஈதர் என்ற கரைப்பான் போத்தலொன்றை ஆய்வுகூட உதவியாளர் எடுத்துவந்தார். மூடியைச் சுற்றி வெள்ளைப் பளிங்குகள் படிந்திருந்தன. எப்போது திறந்தது என்று லேபிளில் இல்லை. நாம் பதிவேடாக வைத்திருக்கும் சீ.ஆர். கொப்பியில் போத்தல் வந்த திகதி மட்டும் இருந்தது. அதுவும் ஈரம் பட்டு மை ஊறிப்போயிருந்தது. அவர் மூடியில் கை வைத்தபோது, பக்கத்தில் நின்ற மாணவி "அண்ணா, திறக்காதேங்கோ!" என்று கத்தினாள். திறந்த ஈதர் காற்றுப் பட்டுப் பெரொக்சைட்டாகும், அது பளிங்காகப் படிந்தால் மூடியைத் திருகும் உராய்வே வெடிக்கப் போதும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அறையைப் பூட்டிவிட்டோம். இன்றுவரை பூட்டித்தான் கிடக்கிறது. போத்தலை அகற்ற அனுமதிக் கடிதம் வரவில்லை. பிள்ளைகளின் செய்முறை வகுப்புகள் நின்றுவிட்டன.

திறந்த ஈதரை ஆறு மாதத்துக்குள் முடிக்கவோ சோதிக்கவோ வேண்டும் என்பார்கள். திறந்த நாளே தெரியாவிட்டால் எதிலிருந்து எண்ணுவது? 34.6 பாகை செல்சியஸில் கொதிக்கும் திரவம், ஏப்ரல் வெக்கையில் குளிரூட்டி இல்லாத அறையில் இருந்திருக்கிறது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: பதிவேட்டைக் கணினிக்கு மாற்றுங்கள். போத்தலுக்கு ஒரு பார்கோட், வந்த நாள், திறந்த நாள், காலாவதி நாள், இருக்கும் தட்டு. நாள் நெருங்கும்போது காப்பாளருக்குத் தானாக அறிவித்தல் போக வேண்டும். இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு கணினியும் ஸ்கேனரும் போதும். வெள்ளவத்தைக் கடைகளில் பிஸ்கட் பக்கற்றுக்கே பார்கோட் அடித்துத்தான் காசு வாங்குகிறார்கள்.

2022இல் டொலர் தட்டுப்பாட்டின்போது வெள்ளி நைத்திரேற்று இல்லையென்று, அதைக் கொண்டு குளோரைட்டின் அளவைக் காணும் நியமிப்புச் செய்முறையைக் கைவிட்டோம். பிறகு பார்த்தால், பக்கத்துத் துறை அலுமாரியில் திறக்காத போத்தல்கள். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். இருப்பது தெரிந்தால்தானே கேட்க?

இந்த நாட்டில் எதுவும் எரிந்த பிறகுதான் விசாரணைக் குழு அமைகிறது. எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் நைத்திரிக் அமிலம் கசிவது, 2021 மே மாதம் அது கொழும்புக் கடலில் தீப்பிடிக்கும் முன்பே தெரிந்திருந்தது. இங்கேயும் ஒரு பிள்ளையின் கையோ கண்ணோ போன பிறகுதான் கோப்பு நகர வேண்டுமா?

களஞ்சியக் காப்பாளர்மீது பழி போடாதீர்கள். தனியொருவராக அவர் படும் பாடு எனக்குத் தெரியும். பதிவேட்டைக் கணினிக்கு மாற்றுங்கள் என்பதை அவருக்காகவும் கேட்கிறேன். அடுத்த பீடச் சபை நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள் முடியும் என்று அறியத்தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். விடுமுறையில் போத்தல்களை எண்ணிப் பதிய நானும் வருகிறேன்.

இங்ஙனம்,
இரசாயனவியல் விரிவுரையாளர் ஒருவர்
கொழும்பு