அம்மாவுக்குத் துணை நின்றவர்களுக்கு

உறவுகளுக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. அன்று வந்தவர்களிடம் நின்று பேசக்கூட எனக்கு முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பாளையங்கோட்டையில் உங்களில் பலருக்கு அவர் ஊசி போடும் ‘நர்ஸம்மா’. 1971-ல் அவர் ராணுவ செவிலியர் பணியில் லெப்டினன்ட். கொல்கத்தா அலிப்பூர் கமாண்ட் ஆஸ்பத்திரியில் வேலை. பாகிஸ்தானுடனான போர் டிசம்பர் 3-ல் தொடங்கி 16-ல் முடிந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். எல்லையில் கரீப்பூர்ச் சண்டை நடந்த நவம்பர் 20, 21-லேயே அவருடைய வார்டுக்குப் போர் வந்துவிட்டது. கண்ணிவெடியில் கால் போன பையன்களுக்குப் புண் ஆறி, செயற்கைக் கால் பொருத்த புனேவுக்கு ரயிலேற்றிய பிறகுதான் முடிந்தது என்பார். ‘பையன்கள்’ என்றுதான் சொல்வார்; அப்போது அவருக்கே வயது 23. விளக்கணைப்பு இருட்டில், டார்ச்சைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு குளுக்கோஸ் சொட்டை எண்ணியதைச் சொல்வார். தமிழ்ப் பையன்களுக்கு இன்லாண்டு லெட்டர் எழுதிக் கொடுத்ததைச் சொல்வார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டால், “அது அவங்க வீட்டு விஷயம்” என்று முடித்துவிடுவார்.

1978-ல் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது வேலையை விட்டார். சர்வீஸா, கல்யாணமா என்று ஒன்றைத்தான் எடுக்க முடிந்த காலம். எங்கள் மூன்று பேரை வளர்த்தார். அப்பாவைப் பெற்ற ஆச்சி பக்கவாதத்தில் விழுந்தபோது, அவரை 9 வருஷம், ஒரு படுக்கைப்புண் வராமல் பார்த்தார்.

எதிர்வீட்டு மதினி, 2024 பிப்ரவரியில் நீங்கள்தான் பேப்பரை வாசித்துக் காட்டினீர்கள். கல்யாணத்தைக் காரணம் காட்டி ராணுவ செவிலியரை வேலையிலிருந்து அனுப்பியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன செய்தி. அம்மா மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தடவையும் சொன்னார். நீங்கள் சலிக்கவில்லை. அந்தத் தாள் கடைசிவரை அவர் தலையணைக்கு அடியில் இருந்தது.

இடுப்பெலும்பு முறிந்த பிறகு எட்டு மாதம். அத்தனை பேர் உடம்பைத் துடைத்துவிட்டவருக்குத் தன் உடம்பை இன்னொருவர் கையில் கொடுப்பது லேசாக இல்லை. அதைப் புரிந்து நடந்தவர்கள் நீங்கள். ஆட்டோ ஓட்டும் தம்பி ஒவ்வொரு தடவையும் “சிஸ்டர், தூக்கலாமா?” என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகே தொட்டார். ராத்திரி ஒரு மணிக்கு ரத்தம் கொடுக்க ஓடி வந்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும், கஞ்சி காய்ச்சி அனுப்பிய வீடுகளுக்கும், சொல்லி அனுப்பாமலே வந்து வாசலில் வரிசையாக நின்று சல்யூட் அடித்த முன்னாள் ராணுவத்தார் ஐயாக்களுக்கும் எங்கள் மூன்று பேரின் நன்றி.

அப்புறம், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வந்த தங்கச்சிக்கு. முதல் வாரம் பெட்ஷீட் மூலை மடிப்பு சரியில்லை என்று தினமும் பிரித்துப் போடச் சொன்னார். நீ கோபப்படவில்லை. தினமும் காலை 7 மணிக்கு நேராக நின்று, “மேடம், ஒன்றாம் நம்பர் பெட். ராத்திரி நல்ல தூக்கம், பி.பி. நார்மல்” என்று அம்மாவைப் பற்றி அம்மாவிடமே ரிப்போர்ட் கொடுத்தாய். அந்த ஐந்து நிமிஷம் அவர் நோயாளி இல்லை, டியூட்டி ஆபீசர். கடைசி நாள் காலையில் அவருக்குக் கண் திறக்கவில்லை. அப்போதும் நின்று முழுதாகச் சொன்னாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாக்கரும் காற்று மெத்தையும் துடைத்து வைத்திருக்கிறோம். தேவைப்படுபவர்கள் எடுத்துப் போகலாம்.

நர்ஸ்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தத் தொங்கு கடிகாரத்தை மட்டும் தங்கச்சிக்கு எடுத்து வைத்திருக்கிறேன். பழையது, தினமும் சாவி கொடுக்க வேண்டும். வந்து வாங்கிக்கொள் அம்மா.

இப்படிக்கு,
மூத்த மகள்