கீழ்த்தளப் பெஞ்சில் ஒற்றை டிக்கெட்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அண்ணன் வந்து மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசச் செய்துவிட்டுப் போனான். மற்றச் செய்திகளை அம்மா தொலைபேசியில் சொல்லியிருப்பாள். நான் எழுத நினைத்தது வேறு.

தீபாவளிக்கு நீ அனுப்பிய புகைப்படத்தில், நீ ஏற்றி வைத்திருந்த விளக்கை அம்மா பார்த்தாள். நான் மேசையின் ஓரத்தில் கிடந்த டிக்கெட்டைப் பார்த்தேன். ரிச்மண்ட் ஜார்ஜியன் தியேட்டர் என்று படிக்க முடிந்தது. நாடகம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "போகவில்லை அப்பா, வேலை இருந்தது" என்று ஒரே வரியில் பதில் போட்டாய். வேலை இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு நாடகம் முடிந்த பிறகும், யார் நன்றாக நடித்தார்கள், எந்தத் தூண் மறைத்தது, இடைவேளையில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன சொன்னார் என்று பக்கம் பக்கமாக எழுதிய பெண், இந்த வருஷம் முழுவதும் ஒரு நாடகத்தைப் பற்றியும் எழுதவில்லை. அந்த மேசையில் கிடந்த டிக்கெட்டும் ஒன்றுதான். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. நாடகத்துக்குப் போ என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்திருந்தபோது நாம் நால்வரும் யார்க்‌ஷயரில் இருக்கும் அந்த ரிச்மண்ட் தியேட்டருக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நாடகக் கொட்டகை என்றே சொல்ல முடியாத கல் கட்டடம்; நெல் களஞ்சியம் என்றாலும் நம்பலாம். குனிந்து, இடுக்கான வழியில் உள்ளே நுழைந்ததும், இவ்வளவு சிறியதா என்று அம்மா வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். சாமுவேல் பட்லர் என்ற நடிகர், தாமே ஒரு கம்பெனியை நடத்தியவர், 1788இல் கட்டிய அரங்கம் அது என்றும், ரிப்பன், விட்பி, கெண்டல், ஹாரோகேட் என்று ஊர் ஊராக நாடகம் போட்டுக்கொண்டு போன கம்பெனி அவருடையது என்றும் நீதான் விளக்கினாய். எனக்கு அப்போது நம் ஊர் நாடகக் கம்பெனிகளின் நினைவுதான் வந்தது. மாட்டு வண்டியில் படுதாவையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அவர்களும் இப்படித்தான் அலைந்தார்கள். ஆனால் அவர்கள் போட்ட கீற்றுக் கொட்டகைகளில் ஒன்றுகூட இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. பட்லரின் கட்டடமோ நின்றுவிட்டது. 1848இல் மூடிய பிறகு கீழே ஒயின் வைக்கும் நிலவறையாகவும், மேலே ஏலக்கூடமாகவும், பிறகு கிடங்காகவும் கிடந்து, 1963இல் மறுபடியும் நாடக அரங்கமாகவே திறந்திருக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேலாக வேறு வேலை பார்த்த கட்டடத்தில் பழைய மரவேலை அவ்வளவு மிஞ்சியிருக்கிறதே என்று நான் அந்தக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அங்கே பாதுகாத்து வைத்திருக்கும் காட்டுப் படுதாவைப் பற்றி ஊருக்கு வந்த பிறகும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1818க்கும் 1836க்கும் இடையில் தீட்டப்பட்டது, பிரிட்டனில் மிஞ்சியிருக்கும் நாடகக் காட்சித் திரைகளிலேயே மிகப் பழமையானது என்று சொன்னார்கள். பின்படுதா, இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக நிற்கும் தட்டிகள், அவற்றில் மரங்கள், இலைகள். நம் கம்பெனிகளிலும் காட்டு சீன், தெரு சீன், தர்பார் சீன் என்று வைத்துக்கொண்டு, எந்த நாடகமானாலும் காடு வந்தால் அதே காட்டைத்தான் இறக்குவார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் இலை இலையாகவே இல்லை, பச்சையும் பழுப்புமாகத் தூரிகையை ஒற்றிய தடங்கள்தான். நாலடி பின்னால் வந்தால் காடு. அதை எழுதியவன், பார்ப்பவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறான். சிறிய அரங்கத்துக்கு எழுதும் கை அப்படித்தான் இருக்க வேண்டும். இதை நான் அன்றைக்குச் சொன்னபோது மாப்பிள்ளை ரசித்துக் கேட்டார். அது இருக்கட்டும்.

அன்று நாம் பாக்ஸில், சுவரோரமாகத் தனியாகத் தடுத்திருக்கும் சிறு அறையில், உட்கார்ந்திருந்தோம். நால்வராகப் போகும்போது பாக்ஸ் சௌகரியம்தான். தனியாகப் போகிறவர்கள் பாக்ஸ் எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. கீழ்த்தளத்தில், மேடைக்கு நேர் எதிரே போட்டிருக்கும் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். பெஞ்சு குறுகலாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவரின் தோள் இடிக்காமல் உட்காரவே முடியாது. அப்படி இடிக்கும்போது மன்னிப்புக் கேட்டு, அவரும் மன்னிப்புக் கேட்டு, எங்கிருந்து வருகிறீர்கள் என்று பேச்சு தொடங்கிவிடும். பெரிய அரங்கங்களில் விளக்கு அணைந்ததும் ஆயிரம் பேர் இருந்தாலும் ஆளுக்கு ஆள் தனிதான். அந்தக் காலத்தில் நாடகம் நடக்கும்போதும் பார்வையாளர் பக்கத்து மெழுகுவர்த்திகளை அணைக்கும் வழக்கம் இல்லை; பார்ப்பவர்களை இருட்டில் உட்கார வைப்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவியது. அதனால்தான் மூன்று பக்கமும் பாக்ஸ்களைச் சுற்றிக் கட்டி, எதிரே இருப்பவரின் முகம் தெரியும்படி அமைத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் யாரோ ஒரு கிழவர் சிரிப்பதைப் பார்த்து நாமும் சிரித்தோமே, அது கட்டடம் செய்த வேலை. அப்படிப்பட்ட இடத்தில் ஒற்றை டிக்கெட்டோடு வருகிறவரை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். நீ தயங்கியது அதற்காக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியதால் சொல்கிறேன். அதற்காக இல்லையென்றால் விட்டுவிடு.

ரிச்மண்டுக்குப் போவதானால் மேட்னி பார். நாம் காரில் போனோம். இப்போது கார் உன்னிடம் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. டார்லிங்டன் வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் போவதென்றால், ராத்திரி ஆட்டம் முடிந்து திரும்புவது சிரமம். அந்த ஊருக்கு இப்போது ரயில் கிடையாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ராத்திரி ஆட்டம்தான் கிடைக்கிறது என்றால் அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்பு. சால்வை எடுத்துப் போ. பெஞ்சில் விரிக்கவும் ஆகும், போர்த்தவும் ஆகும்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், உன் ஊரிலேயே சிட்டி வெரைட்டீஸ் இருக்கிறது. லீட்ஸில் இவ்வளவு வருஷமாக இருந்தும், பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாய். 1865இல் கட்டிய மியூசிக் ஹால், பாட்டும் வேடிக்கையும் கலந்து நடக்கும் அரங்கம். பிபிசி 1953 முதல் 1983 வரை அங்கிருந்துதான் பழைய மியூசிக் ஹால் நிகழ்ச்சியைப் படம்பிடித்து ஒளிபரப்பியது, பார்க்க வந்தவர்களும் விக்டோரியா காலத்து உடை உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். சந்துக்குள் இருக்கும் அரங்கம் என்பதால் வாசல் கண்ணில் படாது, தேடிப் போக வேண்டும். வேலை முடிந்ததும் நடந்தே போய்விடலாம். நாடகம்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. பாட்டோ வேடிக்கைப் பேச்சோ எது நடந்தாலும் போய் உட்கார். வீட்டுக்கு நேரே போகாமல் எங்காவது போய் மனிதர்களுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

பிரிஸ்டல் ஓல்ட் விக்குக்கு நீ போய் வந்து எழுதிய கடிதத்தை இன்னமும் பீரோவில் வைத்திருக்கிறேன். 1766இல் திறந்த அந்த அரங்கத்தின் கூரைக்கு அடியில் சரிவாக ஒரு மரத் தொட்டி அமைத்து, அதில் பீரங்கிக் குண்டுகளை உருட்டிவிட்டு இடி முழக்கத்தை உண்டாக்கியதைப் பற்றி நீ எழுதியிருந்தாய். நம் ஊரில் தகரத் தகட்டை ஆட்டித்தான் இடி முழக்குவார்கள். இது தலைக்கு மேலே ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடுமாமே என்று சபாவில் நான் படித்துக் காட்டினேன். பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்காமல், அடுத்து எந்தத் தியேட்டருக்குப் போகிறாள் என்று கேட்டார்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அதே நண்பர்கள் இப்போதும் கேட்கிறார்கள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பரி செயின்ட் எட்மண்ட்ஸுக்கும் நீ இன்னும் போகவில்லை. லண்டனில் நாம் பார்த்த நேஷனல் கேலரியைக் கட்டிய வில்லியம் வில்கின்ஸ் 1819இல் கட்டிய அரங்கம். மதுபானக் கம்பெனி ஒன்று பல வருஷங்கள் பீப்பாய் அடுக்கி வைத்திருந்து, 1965இல் மறுபடியும் நாடகத்துக்கு விட்டது. போகலாம் என்று நீங்கள் இருவரும் திட்டம் போட்டிருந்தீர்கள். திட்டம் போட்டது இருவர் என்பதற்காக அந்த ஊர் உனக்கு இல்லாமல் போய்விடாது.

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், இருந்தாலும் சொல்கிறேன். எழும்பூர் மியூசியம் தியேட்டருக்கு உன்னைச் சிறு வயதில் முதன்முதலாக அழைத்துப் போனது நான் என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாய். உன்னை அழைத்துப் போனது அத்தை. நான் பின்னால் வந்தேன். 1896இல் கட்டிய அந்த அரைவட்ட அரங்கத்தில், படிப்படியாக இறங்கும் இருக்கைகளில், எந்தப் படியில் உட்கார்ந்தால் நடிகரின் முகமும் குரலும் ஒன்றாக வந்து சேரும் என்று அவளுக்குத் தெரியும். அவள் நம் வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷத்தில்தான் நாடகம் பார்க்கத் தொடங்கினாள். அப்போது தாத்தா என்னென்ன சொன்னார், தெருவில் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் உனக்கும் காதில் விழுந்திருக்கும். அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை. புடவை மாற்றிக்கொண்டு, பையில் ஒரு விசிறியை வைத்துக்கொண்டு, ஒற்றை டிக்கெட் வாங்கிக்கொண்டு நாடகத்துக்குப் போனாள். திரும்பி வந்து, சாப்பிடும்போது கதையைச் சொல்வாள். நானும் பாட்டியும் கேட்போம். கொஞ்ச நாள் கழித்துத் தாத்தாவும் அடுத்த அறையிலிருந்து கேட்டார். அந்த வீட்டில் அவளுக்கு எப்போதும் ஓர் இடம் இருந்தது. இப்போது அந்த வீடு என் பெயரில் இருக்கிறது, மாடி அறை காலியாக இருக்கிறது, ஒழுகல்கூட நின்றுவிட்டது. எதற்கும் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். நீ வேலையை விட வேண்டும் என்றோ ஊரை விட்டு வர வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. உன் வேலை உனக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும்.

லண்டனுக்கு ஒரு நாள் போக முடிந்தால் சாம் வானமேக்கர் பிளேஹவுஸில் ஒரு நாடகம் பார். கட்டடம் புதியது, 2014இல் திறந்தது. அமைப்புதான் 17ஆம் நூற்றாண்டு. அதனால் அதைப் பழைய அரங்கங்களின் வரிசையில் வைக்க எனக்கு மனம் இல்லை, ஆனாலும் தேன்மெழுகு வர்த்திகளை ஏற்றி நாடகம் போடுகிறார்கள், அந்த வெளிச்சத்தில் ஒரு முகத்தைப் பார்ப்பது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அங்கே பெஞ்சுக்குச் சாய்மானம் கிடையாது. முதுகுவலி வந்த பிறகு நீ அப்படி நெடுநேரம் உட்காரக் கூடாது, ஆகவே பின்சுவரில் சாய்ந்துகொள்ளக் கிடைக்கும் வரிசையாகப் பார்த்து எடு. பக்கவாட்டில் தூண் மறைக்குமா என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்.

வேளா வேளைக்குச் சாப்பிடு. படத்தில் இளைத்துத் தெரிந்தாய் என்று அம்மா சொல்கிறாள். அவளிடம் வெளிச்சம் அப்படி என்று சொல்லியிருக்கிறேன். நீ தொலைபேசியில் பேசும்போது அவளிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது உன் விருப்பம். என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் தனியாக எழுது. நான் படித்துவிட்டுப் பீரோவில் வைத்துக்கொள்வேன், யாரிடமும் பேச மாட்டேன். அதுவும் இப்போது முடியாது என்றால், சிட்டி வெரைட்டீஸில் என்ன பார்த்தாய், எந்த வரிசையில் உட்கார்ந்தாய் என்றாவது எழுது. இருக்கை எண்ணையும் சேர்த்து எழுது, சபாவில் கேட்பார்கள்.

அன்புடன்,
அப்பா