பெரிய சேரின் இடாப்புகளை எரிக்க விடாதீர்கள்

பெறுநர்: வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்
அனுப்புவோர்: பழைய மாணவர்களும் பெற்றோரும், அட்டன்
விடயம்: பழைய பாடசாலைக் கட்டடத்தில் உள்ள பதிவேடுகளைப் பாதுகாத்தல்

ஐயா,

எங்கள் தோட்டப் பாடசாலையில் 1979இல் ஆசிரியராகச் சேர்ந்து, அதிபராகி, 2009இல் ஓய்வுபெற்ற பெரிய சேர் போன மாதம் காலமாகிவிட்டார். அவருடைய பெயர், பாடசாலையின் பெயர், எங்கள் கையொப்பங்கள் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன. மனுவில் மட்டும் நாங்கள் கூப்பிட்டுப் பழகியபடி பெரிய சேர் என்றே எழுதுகிறோம், வேறு மாதிரி எழுத எங்களுக்கு வராது.

விஷயத்துக்கு வருகிறோம். பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மாடிக் கட்டடம் வருவதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். தகரக் கூரையில் மழை கொட்டும்போது சேர் தொண்டை கிழியக் கத்திப் படிப்பித்ததைக் கேட்டவர்கள் நாங்கள். ஆனால் கடைசி அறை இரும்பு அலுமாரியில் அவர் கைப்பட எழுதிய சேர்வு இடாப்புகளும் (பிள்ளைகளைச் சேர்த்த பதிவேடுகள்) சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் (பாடசாலையில் நடந்ததைக் குறித்து வைத்தவை) கிடக்கின்றன. சிலவற்றின் ஓரத்தைக் கறையான் தின்றுவிட்டது. "பழைய கடதாசிதானே, கொளுத்திவிடலாம்" என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. அதைத் தடுத்து நிறுத்தத்தான் இந்த மனு.

அவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எழுபதுகளில் பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகு நியமனம் பெற்று வந்தவர் அவர். அப்போது ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு, ஒரு கரும்பலகை, அதன் இரண்டு பக்கமும் எழுத்து. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் இந்தியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலமும் அதுதான். தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடிய வரைக்கும், அதாவது 1984 வரைக்கும், இடாப்பில் 'விலகிய காரணம்' என்ற கட்டத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது: இந்தியப் பயணம். வேறு யாராக இருந்தாலும் அதோடு நிறுத்தியிருப்பார்கள். சேர் அதற்குக் கீழே பொடி எழுத்தில், பிள்ளை எந்த வகுப்பு வரைக்கும் படித்தது, எந்தப் பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை என்று எழுதி வைத்திருக்கிறார். போன இடத்தில் யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்பாராம். அப்படிப் போய் இன்று நீலகிரிப் பக்கம் இருக்கும் ஒருவர், தன் அக்காவின் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று எங்களிடம் போனில் கேட்டார். இருக்கிறது.

இங்கேயே தங்கியவர்களுக்கும் அந்த இடாப்புத்தான் கைகொடுத்தது. தோட்ட மக்களான எங்களிடமிருந்து 1948இல் பறித்த பிரஜாவுரிமையின் வால் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரைக்கும் எங்களை விடவில்லை. வீட்டில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் எழுதியவர் காதில் விழுந்த இன்னொரு பெயர், சிலருக்குப் பத்திரமே கிடையாது. அடையாள அட்டை இல்லாமல் சாதாரண தரப் பரீட்சைக்குப் போக முடியாதே. சேர் சனிக்கிழமையில் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் லயமாக ஏறி இறங்கி விவரம் எடுத்து, அப்புறம் லீவு போட்டுக்கொண்டு தாய் தகப்பனோடு கிராம உத்தியோகத்தரிடமும் பதிவாளரிடமும் போய் நின்றார். அந்த இடாப்புப் பிரதியைக் காட்டி உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்தவர்கள் இந்த மனுவிலும் கையொப்பம் வைத்திருக்கிறார்கள்.

வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஊருக்கு உழைத்தவர் என்று யாராவது சொன்னால் அம்மா (சேருடைய மனைவி) கோபப்படுவார். சேர் மாலை வகுப்பைத் தன் குவார்ட்டஸ் விறாந்தையில் வைத்ததே பிள்ளைகளை விட்டு விலகி இருக்க மனமில்லாமல்தான். அம்மாவுக்குக் கை வலி வந்த வருஷங்களில் ரொட்டி சுட்டதும் சம்பல் அரைத்ததும் அவர், எங்களுக்குப் பிளேன்டி ஊற்றியதும் அவர். அதற்காக வீட்டுப் பிள்ளைக்குச் சலுகை கிடையாது. மூத்த மகள் பிந்தி வந்த ஒரு நாளுக்கு நேரே சிவப்பு மையில் 'பிந்திய வரவு, காரணம்: தகப்பன் தலை பின்னத் தாமதம்' என்று எழுதிக் கையொப்பமும் போட்டிருக்கிறார். அந்த மகள் இப்போது தானே ஒரு ஆசிரியை. அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார். எங்களுக்குக் காட்டிவிட்டுச் சிரித்தார், அப்புறம் அழுதார்.

சேர் கண்டிப்பானவர், கோபக்காரர், பிரம்பும் வைத்திருந்தார். அதையும் நாங்கள் மறைக்கவில்லை.

எனவே ஐயா, கட்டடத்தில் கை வைப்பதற்கு முன் அந்த அலுமாரியைத் திறந்து, உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் முன்னிலையில் பட்டியல் எடுக்க உத்தரவிடுங்கள். மூலப் பிரதிகள் பாடசாலையின் சொத்தாகவே, ஈரம் படாத இடத்தில் இருக்கட்டும். நீங்கள் எழுத்தில் அனுமதி தந்தால் ஸ்கேன் செய்யும் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மலையகத்துப் பழைய ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் போன்றவர்களிடம் ஆலோசனையும் கேட்கலாம். பிள்ளைகளின் சொந்த விவரங்கள் இருப்பதால் எல்லாவற்றையும் பொதுவில் போடக் கூடாது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

புதிய கட்டடத்தின் வாசிப்பறைக்குச் சேரின் பெயரை வைக்கவும் அனுமதி கேட்கிறோம். அது கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை. அலுமாரி விஷயம் பிந்தக் கூடாது, அடுத்த தவணை விடுமுறையில் இடிக்கப் போவதாகச் சொல்கிறார்கள். அதற்கு முன் பாடசாலைக்கு ஒரு கடிதம் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய மாணவர்களும் பெற்றோரும்
(கையொப்பங்கள் இணைப்பில்)