வேலூருக்குப் பிளான் போடுபவர்களுக்கு, பிரேம் போடுபவன் எழுதுவது

வேலூரில் தொழில் செய்யும் ஆர்க்கிடெக்ட்களுக்கும், கட்டடப் பொறியாளர்களுக்கும், நகரமைப்புப் பிரிவு அலுவலர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். லாங் பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில் போட்டோ பிரேம் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் சாமி படம், கல்யாண போட்டோ, காலமானவர் படம் என்று மூன்றுக்குத்தான் கண்ணாடி வெட்டினோம். பத்துப் பதினைந்து வருடமாக நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. நீங்கள் கொண்டுவரும் த்ரீடி வியூ. கட்டப்போகும் வீடு, லாட்ஜ், கல்யாண மண்டபம் எதுவானாலும் கலரில் பிரிண்ட் எடுத்து வந்து, "ஓனர் ஆபீஸ்ல மாட்டணும், நல்ல மோல்டிங்கா போடுங்க" என்று கொடுத்துவிட்டுப் போவீர்கள். அளவெடுக்கும்போது பார்ப்பேன், ஆணி அடிக்கும்போது பார்ப்பேன், நீங்கள் வாங்க வரும்வரை சுவரோரம் சாத்தி வைத்தும் பார்ப்பேன். உங்கள் படங்களை என்னளவு உற்றுப் பார்த்தவர் இந்த ஊரில் இன்னொருவர் இருக்க மாட்டார். ஓனர்கூட எலிவேஷனுக்கு என்ன கலர் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் அதில் சாக்பீஸால் ஒரு கேலிச்சித்திரம் போடுவேன். பெரும்பாலும் ரோடு, கட்டடம், சாக்கடை. பக்கத்து டீக்கடைக்கு வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள், மழை வந்தால் அழிந்துவிடும். சமீபத்தில் ஒரு படம் போட்டேன். மேற்குப் பார்த்த கட்டடம், முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே மேனேஜர் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெளியே ஏசி மெஷின்கள் பதினாறு, நாக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்குகின்றன. எந்தக் கட்டடம் என்று எழுதவில்லை. ஆனாலும் உங்களில் ஒருவருக்குப் புரிந்துவிட்டது போல. இரண்டு நாள் கழித்து அவருடைய சைட் சூப்பர்வைசர் வந்தார். "பலகை நடைபாதைய அடைக்குதாம், உள்ள எடுத்து வைக்கச் சொன்னாரு." எந்த நடைபாதை என்று கேட்டேன். தம்பி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு டீ குடித்துவிட்டுப் போனார். "தொழிலைக் கேவலப்படுத்துறான்" என்று சார் வருத்தப்பட்டதாகவும் போகிறபோக்கில் சொன்னார். அந்த வருத்தத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உங்கள் படங்களைப் பற்றிப் பேசுவோம். இந்த ஊருக்கு வெயிலூர் என்று பட்டப்பெயரே இருக்கிறது. உங்கள் வியூவில் வெயில் மட்டும் இல்லை. வானம் கொடைக்கானல் வானம். வாசலில் இருக்கும் மரத்தின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது, வேம்பு இல்லை, புங்கன் இல்லை, இந்த மண்ணில் அதை நான் கண்டதே இல்லை. மின்கம்பம் கிடையாது, டிரான்ஸ்பார்மர் கிடையாது, மாடு கிடையாது. நீல சட்டை போட்டு லேப்டாப் பை மாட்டிய ஒரு வெள்ளைக்காரர் எல்லாப் படத்திலும் நடந்து போகிறார். பலூன் பிடித்த குழந்தையோடு ஒரு அம்மா வருகிறார். அவரை மட்டும் பதினோரு கட்டடத்தின் முன்னால் பார்த்துவிட்டேன். பாவம், இன்னும் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை போலிருக்கிறது.

இதுவும் கேலிச்சித்திரம்தான் சார். உள்ளதில் பாதியை விட்டுவிட்டு மீதியைப் பெரிதாக்கி வரைவது என் தொழில் என்றால், நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். நீங்கள் விட்டுவிட்ட பாதியை நான் பலகையில் வரைகிறேன்.

அந்தப் பாதியில் யார் யார் இருக்கிறார்கள்? பாபுராவ் தெருவுக்கு வந்து பாருங்கள். 1900இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் எல்லை தாண்டி பங்களாதேஷிலிருந்தும் வந்து தங்குகிறவர்கள். லாட்ஜ் போர்டிலும் சாப்பாட்டுக் கடை போர்டிலும் பெங்காலி எழுத்து இருக்கிறது. கையில் எக்ஸ்ரே கவர், தோளில் பை, கூட வந்தவரின் தோளில் ஒரு கை. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குச் சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டும். எங்கே உட்காருவார்கள்? மூடிய கடையின் படியில். இந்த ஊருக்கு வரும் வெளியூர்க்காரரில் பலர் உடம்புக்கு முடியாதவரும் அவரைப் பார்த்துக்கொள்பவரும்தான். அவர்களில் ஒருவரைக்கூட எந்த வியூவிலும் நான் பார்த்ததில்லை. நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இந்தியச் சாலைப் பேரவையின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. அது எனக்கே தெரியும்போது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. முழங்கால் உயரத்துக்கு நடைபாதை கட்டிய இடத்தில், பலூன் அம்மா வியூவிலிருந்து இறங்கி வந்து வாக்கர் பிடித்த ஒரு பெரியவரைக் கைதூக்கி ஏற்றிவிடுவதாக ஒரு படம் போட்டேன். டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நீ மிகைப்படுத்துகிறாய்" என்பது உங்களுடைய பழைய புகார். 2022 ஜூன் மாதம் நினைவிருக்கிறதா? நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமல் அதன் சக்கரத்தோடு சேர்த்து கான்கிரீட் ரோடு போட்டார்களே, இதே வேலூரில். படம் நாடு முழுக்கச் சுற்றியது. அதே வருடம் அடிபம்பை அசைக்காமல் அதைச் சுற்றிக் கான்கிரீட்டை ஊற்றிக் கால்வாய் கட்டிய படமும் வந்தது. இதை நான் பலகையில் வரைந்திருந்தால், "இப்படியெல்லாம் நடக்குமாய்யா?" என்று கேட்டிருப்பீர்கள். அந்த மாதம் முழுக்க நான் பலகையைத் தொடவில்லை. செல்போன் வைத்திருந்தவன் எல்லாம் என் வேலையைப் பறித்துக்கொண்டான்.

என் கடைக்கே வருகிறேன். அப்பா கட்டும்போது ரோட்டிலிருந்து மூன்று படி ஏற வேண்டும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதின் மேலேயே புதியது. இன்று ஒரு படி இறங்கி உள்ளே வர வேண்டும். பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே எழுதினார். அந்தக் கடிதம் எங்கள் சந்துக்கு வரும் வழியில் ஏதோ பள்ளத்தில் விழுந்துவிட்டது.

உங்கள் தொழிலைக் கேலி செய்வது நான் கண்டுபிடித்த விஷயமில்லை. பாரிஸ் நகரத்தை இடித்து அகலத் தெருக்கள் போட்டார்கள், 1850களில். அப்போது தோமியே என்ற ஓவியர் ஒரு படம் வரைந்தார். பாதி இடிந்து நிற்கும் ஒரு வீட்டை நடுத்தர வயதுத் தம்பதி அண்ணாந்து பார்க்கிறார்கள். அதோ, நமக்கு முதலிரவு நடந்த அறை என்று புருஷன் சொல்கிறான். அவ்வளவுதான் படம். எனக்கு அதைப் பார்த்ததும் பாரிஸ் ஞாபகம் வரவில்லை, ரோடு அகலப்படுத்தும்போது நம் ஊரில் நறுக்கிய வீடுகள்தான் ஞாபகம் வந்தன. அப்பம் துண்டு போட்ட மாதிரி உள்சுவர் வெளியே தெரியும். பச்சை டிஸ்டம்பர், காலண்டர் மாட்டிய ஆணி, சாமி மாடத்தில் எண்ணெய்க் கறை, பிள்ளைகள் உயரம் குறித்துவைத்த பென்சில் கோடுகள். கிருஷ்ணர் படம் ஒன்றுக்கு நான் போட்ட பிரேமே அப்படி ஒரு சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ரோடு அகலமாக வேண்டியதுதான், மறுக்கவில்லை. நஷ்டஈட்டுக் கணக்கில் பென்சில் கோட்டுக்கென்று ஒரு கட்டம் கிடையாது, அதற்கு ஒரு படமாவது இருக்கட்டும் என்கிறேன்.

கேலிச்சித்திரம் போடும் நாங்களும் தப்புச் செய்வோம் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வியன்னாவில், அரண்மனைக்கு எதிரே, அடோல்ஃப் லோஸ் என்ற கட்டடக் கலைஞர் 1910 வாக்கில் ஒரு கட்டடம் எழுப்பினார். மேல்மாடிச் சுவரில் பூவேலை, சிற்பம் எதுவும் கிடையாது, வெறும் சுவரும் ஜன்னலும்தான். ஊரே சிரித்தது. தெருவில் இருக்கும் பாதாளச் சாக்கடை மூடியைப் பார்த்துத்தான் இந்த டிசைன் பிடித்தார் என்று ஒரு பத்திரிகை கேலிச்சித்திரம் போட்டது. நகராட்சி வேலையை நிறுத்தியது. கடைசியில் ஜன்னலில் பூந்தொட்டி வைக்கிறேன் என்று சமாதானம் ஆகித்தான் முடித்தார். இன்று அந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னம், ஆட்கள் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். அங்கே தோற்றது கேலிச்சித்திரக்காரன். ஆனால் சாக்கடை மூடியை உற்றுப் பார்த்த ஒரு கட்டடக் கலைஞர் நம் ஊருக்குக் கிடைத்தால் நான் காலில் விழத் தயார்.

ஏனென்றால் நம் ஊரின் சிக்கல் எல்லாம் கீழே ஓடுகிறது. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைச் சொல்வார்கள். கடைசி வரியை 1981இல் பொய்யாக்கினோம், கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்து அமர்ந்தார். இரண்டாவது வரியை 2021 நவம்பரில் பாலாறே பொய்யாக்கியது. அந்த மழையில் கோட்டை அகழி நிரம்பிக் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்து நின்றது. சாமி கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, "பேர் வெச்சவங்க தீர்க்கதரிசிங்க" என்று சொல்வதாக ஒரு படம் போட்டேன். பயந்துகொண்டேதான் போட்டேன். தினமும் கோயிலுக்குப் போகும் பாட்டியம்மா ஒருவர் நின்று படித்துவிட்டு, "சாமிக்கு நீஞ்சத் தெரியும்பா, எங்க தெருவ வரை" என்றார். அடுத்த சனிக்கிழமை அவர் தெருவைத்தான் வரைந்தேன். திறப்புவிழாக் கல்வெட்டு பளபளவென்று நிற்கிறது, பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் குனிந்து தேடுகிறார்: "கல்வெட்டு கிடைச்சிடுச்சு, கல்வெர்ட்டுதான் எங்கன்னு தெரியல."

இனி, நான் கேட்க வந்தது.

வீடு கட்டும்போது அஸ்திவாரம் தோண்டும் முன்னால் சுண்ணாம்புப் பொடி தூவி மார்க்கிங் போடுவீர்கள். வீட்டுக்காரம்மா அந்தக் கோட்டுக்குள் நடந்து பார்ப்பார். "இது கிச்சனா? கிரைண்டர எங்க வைக்கிறது? கதவு தொறந்தா அடுப்பு இடிக்குமே." அவருக்குப் பிளான் படிக்கத் தெரியாது. ஆனால் நின்று பார்த்தால் தெரியும். நீங்களும் முகம் சுளிக்காமல் பொடியைக் காலால் கலைத்துவிட்டு ஒரு அடி தள்ளிப் போடுவீர்கள், ஏனென்றால் பணம் அவருடையது. அதே மரியாதையை ஊருக்கும் கொடுங்கள். கால்வாய் வரப்போகிறதா, நடைபாதையா, ரவுண்டானாவா, முன்கூட்டியே ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுங்கள். ஒரு வாரம் கிடக்கட்டும். பூக்கார அம்மா தன் கூடை எங்கே வரும் என்று பார்ப்பார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். வாக்கர் பெரியவர் நின்று பார்ப்பார். அடிபம்பு கோட்டுக்கு நடுவில் வருகிறது என்று ஐந்தாவது படிக்கும் பையன் சொல்லிவிடுவான்.

மாஸ்டர் பிளானை வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. சர்வே நம்பரும் பத்து வகைக் கலருமாக ஒரு வரைபடத்தை அலுவலகச் சுவரில் ஒட்டினால் அதற்கு ஆட்சேபம் எழுதத் தெரிந்தவர் ரியல் எஸ்டேட்காரர் மட்டும்தான். வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டம் நடக்கும் இடத்தில், தமிழில், அவரவர் தெருவை அடையாளம் தெரிகிற அளவுக்குப் பெரிதாக மாட்டுங்கள். ஆட்கள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். உங்கள் பிளானில் இருப்பதை மனிதர், மாடு, வண்டியோடு சார்ட்டில் வரைந்து காட்ட எனக்கு ஒரு மணி நேரம் போதும், கூலி வேண்டாம். நீங்கள் பக்கத்தில் நின்று அளவு தப்பாக இருந்தால் திருத்துங்கள். என் பலகையில் இருக்கும் கோபமெல்லாம் கான்கிரீட் இறுகிய பிறகு வந்த கோபம். பொடியாக இருக்கும்போதே கேட்டிருந்தால் அதில் பாதிப் படத்துக்கு வேலையே இருந்திருக்காது.

சுண்ணாம்புக் கோட்டில் ஜனங்கள் நடந்து பார்த்து, அதற்காக நீங்கள் ஒரு கோடாவது மாற்றிய எந்த பிளானைக் கொண்டுவந்தாலும் மோல்டிங் சட்டத்தின் விலை மட்டும் கொடுங்கள், கண்ணாடியும் கூலியும் என் கணக்கு.

பலகையை உள்ளே எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பிய சாருக்குத் தனியாக ஒரு வரி. பலகையைப் படிக்கு உள்பக்கம் தள்ளி வைத்துவிட்டேன், இனி நடைபாதைக்கு இடைஞ்சல் இல்லை. உங்கள் கண்ணாடிக் கட்டடத்தின் வியூ பிரேம் போட்டுத் தயாராக இருக்கிறது, பலூன் அம்மாவும் நலம். அட்வான்ஸ் போக நானூற்றைம்பது ரூபாய் பாக்கி. சனிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொண்டால் நல்லது, மேற்கு வெயில் கடைக்குள்ளும் அடிக்கிறது, பிரிண்ட் வெளுத்துவிடும்.

இப்படிக்கு,
சந்துக்குள் பிரேம் கடைக்காரன்
வேலூர்