கடலை இறைக்கப் போன குருவி

மஞ்சக்குப்பம், கடலூர்
18 ஜூலை 2025

அன்புள்ள சரசு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வாட்ஸாப்பில் நாலு வரி தட்டிவிட்டிருக்கலாம். நீ மெனக்கெட்டுக் கையால் எழுதி அனுப்பியிருக்கும்போது அது மரியாதையாக இருக்காது. தவிர, நான் சொல்ல வேண்டியது நாலு வரியில் அடங்காது.

வீட்டுச் சேதி முதலில். இவருக்கு இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து போவோர் வருவோரையெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். டிசம்பர் வெள்ளத்தில் ஊறி உப்பிப்போன பின்கட்டுக் கதவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆடி கழியட்டும் என்கிறார் ஆசாரி. என் சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சிகாகோவில் மாண்ட்ரோஸ் ஏரிக்கரைக்குப் போனதையும், அங்கே கயிறு கட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் உன்னை மறித்ததையும் எழுதியிருந்தாய். உள்ளங்கை அளவு குருவிக்கு இவ்வளவு காவலா என்று உனக்குச் சிரிப்பு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்தப் பங்குனியில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், சரசு.

தாழங்குடா உனக்கு நினைவிருக்கும். தென்பெண்ணை கடலில் சேரும் இடம். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து வந்ததில் ஆற்றுமுகமே உருமாறிவிட்டது. மேடாக இருந்த இடத்தில் அடம்புக்கொடியும் இராவணன் மீசையும் வாரிக்கொண்டு போய், துடைத்து வைத்த மாதிரி வெறும் மணல். சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டியை ஊருக்குள் நிறுத்திவிட்டு அந்த மணலில் நடப்பது என் வழக்கம்.

ஏப்ரல் முதல் வாரம். எனக்கு முன்னால் பத்தடி தள்ளி மணலில் ஒரு துண்டு பெயர்ந்து ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் அது குருவி. முதுகு காய்ந்த மணல் நிறம், வயிறு சுத்த வெள்ளை. நெற்றியில் மைக்கோடு இழுத்தாற்போல ஒரு கருப்பு. மார்பின் இரண்டு பக்கமும் ஒரு கருந்துண்டு, நடுவில் சேராமல். உப்புக்கொத்தி. நம் சின்ன வயதில் எல்லாவற்றையும் ‘உள்ளான்’ என்ற ஒரே பெயரில் அடக்கிவிட்டோம். படகை இழுத்துக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டேன், அவரும் உள்ளான் என்றுதான் சொன்னார்.

பனிக்காலத்தில் வடக்கேயிருந்து கூட்டங்கூட்டமாக வரும் உப்புக்கொத்திகள் வேறு. அவை வெயில் ஏறுமுன் போய்விடும். கத்திரியிலும் இங்கேயே கிடந்து முட்டையிடுவது இன்னொன்று, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டும் உரியது. 1915லேயே இதைக் கண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் வெகுகாலம் வடக்கத்திக் குருவியின் ஒரு கிளைதான் இது என்று கணக்கு வைத்திருந்தார்கள். 2023ல் மரபணுவைப் பார்த்துத் தனி இனமாக்கி, இரண்டு கரையையும் சேர்த்துக் கட்டும் சேதுவை நினைத்து அனுமன் பெயரை வைத்தார்கள். அனுமன் உப்புக்கொத்தி! இருக்கிற உடம்புக்கு அந்தப் பெயர் கொஞ்சம் அதிகம்தான்.

அது ஓடிய திசையை விட்டு எதிர்ப்பக்கம் பார்த்து நடந்தேன். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. மணலில் உள்ளங்கையால் ஒரு சுழற்று சுழற்றினால் வரும் பள்ளம், ஓரத்தில் நாலு கிளிஞ்சல் சில்லு. ஆண்தான் நெஞ்சை அழுத்திச் சுழன்று இப்படிப் பல பள்ளம் பறிக்குமாம், பெண் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். உள்ளே மூன்று முட்டை, மணல் நிறத்தில் பேனா உதறின மாதிரி மைக்கிறுக்கல். இரண்டு முறை கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பத் தேட வேண்டியிருந்தது. இதே கரையில் எத்தனை வருஷம் கபடி ஆடியிருக்கிறோம்? எத்தனை கூட்டை மிதித்தோமோ!

உடனே எனக்குள் இருந்த ரிட்டையர்டு ஆபீசர் விழித்துக்கொண்டாள். நாலு சவுக்குக் குச்சியைச் சுற்றி நட்டு, கிழிந்த வலைத்துண்டைக் கட்டி, சிவப்புத் துணியும் தொங்கவிட்டேன். யாரும் மிதிக்கக் கூடாதே. வீட்டுக்கு வந்து இவரிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

மூன்றாம் நாள் போனபோது குச்சிமேல் காக்கை. பள்ளத்தில் முட்டை இல்லை. மஞ்சள் வடிந்த இடத்தில் மணல் அடைபோல இறுகியிருந்தது. தடத்தைப் பார்த்தேன். உப்புக்கொத்திக்குப் பின்விரல் கிடையாது, மூன்று விரல்தான். அந்த மூன்று விரல் தடத்தின்மேல் நாலு விரல் தடம் அழுத்தமாக விழுந்திருந்தது. இவர் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: “காக்காய்க்கு நீ பந்தல் போட்டுக் குடுத்திருக்கே.”

அந்தக் குருவிக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, கண்ணில் படாமல் இருப்பது. நான் அதை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிட்டேன். ராத்திரி படுத்தால் உங்கள் ஆயா தேவனாம்பட்டினத்து வீட்டில் சொன்ன கதைதான் ஓடியது. கரையில் முட்டையிட்ட குருவி, முட்டையைக் கடல் கொண்டுபோனது, அலகால் கடலையே இறைத்துவிடுகிறேன் என்று கிளம்பியது, கருடன் வந்து பெருமாளிடம் முறையிட்டது. கதையில் குற்றவாளி கடல். எனக்கு இப்போது அது அநியாயமாகப் படுகிறது. செடிகொடியை வாரி, குருவிக்கு வேண்டிய வெட்டவெளியைப் போட்டுக் கொடுத்ததே அந்தப் புயலும் வெள்ளமும்தான். உங்கள் நாட்டில் 2012ல் சாண்டி புயல் அடித்த பிறகும் அட்லாண்டிக் கரையில் இப்படித்தான் புதுமணல் பரந்து, குருவிகள் வந்து சேர்ந்தனவாம். புயலால் நமக்குக் கதவு உப்பிப்போகிறது, அதற்கு மனை கிடைக்கிறது. அந்த மனையில் நாம் சவுக்கு நடுகிறோம், கல் கொட்டுகிறோம், ஞாயிற்றுக்கிழமை பைக் ஓட்டுகிறோம், மீன்கழிவைப் போட்டு நாயையும் காக்கையையும் வளர்க்கிறோம்.

பைப்பிங் ப்ளோவர் என்ற உன் ஊர் உப்புக்கொத்தியைப் பற்றியும் படித்தேன். பெரிய ஏரிகளைச் சுற்றி வாழும் கூட்டத்தை 1986ல் அழியும் நிலையில் உள்ளதாகச் சட்டத்தில் சேர்த்தபோது இருந்தது 17 ஜோடி. அப்புறமும் குறைந்திருக்கிறது. இப்போது 80ஐத் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள், 150 ஆக வேண்டும் என்று கணக்கு. பெரும்பாலானவற்றின் காலில் வண்ண வளையம், சிலவற்றுக்குப் பெயர். 2019ல் நீ நின்ற அதே கரையில் மாண்டி, ரோஸ் என்ற ஜோடி முட்டையிட்டதற்காக ஒரு பெரிய இசைவிழாவையே நிறுத்திவிட்டார்களே! அவற்றின் பிள்ளை இமானி இப்போது அங்கேதான் குடும்பம் நடத்துகிறது. நீ பார்த்தது அதுவாகக்கூட இருக்கலாம், கால் வளையத்தைப் பார்த்தாயா?

அவர்கள் கூட்டின்மேல் கம்பிக்கூண்டு வைக்கிறார்கள், குருவி நுழையும், காக்கையும் நரியும் நுழையாது. அதிலும் வம்பு இருக்கிறது. மெர்லின் என்ற சிறு வல்லூறு, கூண்டிலிருந்து வெளியே வரும் தாயையோ தகப்பனையோ தூக்கிக்கொண்டு போய்விடும். படித்தபோது, கெட்ட புத்திதான், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கற்றவர்களுக்கே இப்படி என்றால் என் சவுக்குக் குச்சி எந்த மூலைக்கு? நம் பக்கம் பங்குனி ஆமை முட்டையைத் தோண்டி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துவிடலாம், ஆமை இட்டதோடு போய்விடுகிறது. இதை எங்கே கொண்டுபோவது? பெற்றவர்கள் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

முட்டை போனால் திரும்ப இடும் என்பது எனக்குத் தெரியாது. ஏப்ரல் கடைசியில் நூறடி தெற்கே அதே மாதிரி ஒன்று ஓடியது. இந்த முறை கிட்டே போகவே இல்லை. ஓட்டை விழுந்த பழைய ஃபைபர் படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது, அதன் நிழலில் உட்கார்ந்து பார்த்தேன். குச்சி இல்லை, துணி இல்லை. ஊர்ப் பையன்களிடமும் மூச்சு விடவில்லை.

கத்திரி வெயிலில் மணலில் கால் வைக்க முடியாது. அந்த நேரத்தில் அது அடைகாப்பது முட்டைக்குச் சூடு கொடுக்க அல்ல, சூட்டைத் தடுக்க. உட்காராமல் எழுந்து நின்று, சிறகைத் தளர்த்தி, முட்டைக்குக் குடை பிடிக்கும். ஒன்று போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவரும், மற்றது எழுந்து இடம் கொடுக்கும். பகலில் பெரும்பாலும் பெண், ராத்திரி ஆண் என்று முறை. உச்சிவெயிலில் மட்டும் முறை கிடையாது, மாற்றி மாற்றித்தான். நம் வீட்டு ஆண்களுக்கு இதைப் படம் எடுத்துக் காட்ட வேண்டும்.

ஒருநாள் ஊர் நாய் ஒன்று மோப்பம் பிடித்து வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்தால் கூட்டைக் காட்டிக்கொடுப்பேன், உட்கார்ந்தால் நாய். அதற்குள் குருவி நாய்க்கு எதிரிலேயே வந்து விழுந்தது. இடது சிறகை மணலில் இழுத்துக்கொண்டு, வாலை விரித்து, ஒருக்களித்துத் தத்தியது. நாய் பாயும், அது இரண்டு அடி நகரும். இப்படியே தண்ணீர் ஓரம் வரை கூட்டிக்கொண்டு போய், கடைசியில் விர்ரென்று பறந்தது. நாய் நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே!

மே கடைசி வாரம் பொரித்தது. மூன்றில் இரண்டைத்தான் பார்த்தேன். தீக்குச்சிக் காலில் பஞ்சுருண்டை. பிறந்த சில மணி நேரத்திலேயே ஓடுகின்றன, இரையும் தாமே கொத்துகின்றன, யாரும் ஊட்டுவதில்லை. தகப்பன் ஈரமணலில் ஒற்றைக்காலை நடுங்கவைத்துப் புழுவைக் கிளப்பி, ஒரு குரல் கொடுத்தால் இரண்டும் அப்படியே மணலோடு மணலாகப் படுத்துவிடும். தாயைக் காணோம். இந்தச் சாதியில் பெண் பாதியில் போய்விட்டு வேறு ஜோடி சேர்வது சகஜமாம், பிள்ளை வளர்ப்பது அப்பன்.

அதற்கடுத்த சனிக்கிழமை படகு இழுக்கும் டிராக்டர் போன தடம் மணலில் ஆழமாகக் கிடந்தது. அதில் ஒரு குஞ்சு இறங்கிவிட்டது. ஏற முடியவில்லை. தடம் போன போக்கிலேயே முன்னும் பின்னும் ஓடுகிறது, மேலே நின்று அப்பன் கத்துகிறது. தொடக் கூடாது என்று வைராக்கியம் எனக்கு. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பத்தடி முன்னால் போய்த் தடத்தின் விளிம்பைக் குதிகாலால் இடித்துச் சரித்துவிட்டு, திரும்பிப் பாராமல் படகுக்கு வந்துவிட்டேன். உட்கார்ந்து பார்க்கும்போது தடம் காலியாக இருந்தது.

நீ மார்கழியில் வருகிறாய் அல்லவா, அப்போது வடக்கத்திக் கூட்டமும் வந்திருக்கும். உன் மாப்பிள்ளையிடம் ஒரு சின்ன பைனாகுலர் கேட்டு வாங்கி வா. இவர் கிரிக்கெட் பார்க்க வைத்திருந்ததில் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்துவிட்டது. பேரனுக்கு நாலு ஜவ்வரிசி வடாம் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன், யார் கிளம்புகிறார்களோ அவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன்,
வசந்தா