வெளிநாட்டுப் படை ஒப்பந்தங்களை நம் அவையிலும் வையுங்கள்: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, நியமன உறுப்பினர் என்று பிரிக்காமல் உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் கேட்கப்போவது ஒரு கட்சியால் மட்டும் ஆகிற காரியம் இல்லை.

என் மகன் தேசிய சேவையாளன், அதாவது கட்டாயப் படைச்சேவையில் இருப்பவன். படைப்பிரிவோடு ஆஸ்திரேலியாவின் ஷோல்வாட்டர் பே பயிற்சிக்களத்துக்குப் போகிறான் என்று தெரிந்ததும், எங்கள் வட்டாரத்து மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அங்கே அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும், யார் பொறுப்பு, அது எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது? தொண்டூழியர் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். சில வாரங்கள் கழித்துக் கடிதம் வந்தது. பிள்ளையின் சேவைக்கு நன்றி, பாதுகாப்புக்கே முதலிடம், மேல் விவரத்துக்கு அவருடைய படைப்பிரிவை அணுகவும். அவ்வளவுதான்.

அந்த உறுப்பினரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நல்ல மனிதர். மின்தூக்கி பழுதானால் மறுநாளே ஆள் அனுப்பிவிடுவார். அவர் பதிலை மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தூக்கம் வராமல் போனது அதனால்தான்.

சரி, நாமே தேடுவோம் என்று உட்கார்ந்தேன். தேடல் கொண்டுபோய் விட்ட இடம் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பரா. 2020ல் நம் அரசாங்கமும் ஆஸ்திரேலிய அரசாங்கமும் ராணுவப் பயிற்சி பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆண்டுக்கு 14,000 பேர் வரை, 18 வாரம் வரை, 25 ஆண்டுகளுக்கு நம் பிள்ளைகள் குவீன்ஸ்லாந்தில் பயிற்சி பெறலாம். இதன் வாசகத்தை நான் வரிவரியாகப் படித்தது ஆஸ்திரேலியர்கள் வெளியிட்டு வைத்திருக்கும் ஆவணத்தில். அங்கே ஒப்பந்தங்களைப் பார்ப்பதற்கென்றே 1996லிருந்து ஒரு கூட்டு நாடாளுமன்றக் குழு இருக்கிறது. அரசாங்கம் கையெழுத்திட்டதை அவையில் வைக்க வேண்டும். இது எதற்கு, நாட்டுக்கு என்ன நன்மை, என்ன செலவு, என்ன கடமை என்ற விளக்கத்தையும் கூடவே வைக்க வேண்டும். பொதுமக்கள் யாரும் குழுவுக்கு எழுதிப் போடலாம்.

இன்னொன்றும் படித்தேன். அந்தப் பயிற்சிக்களத்தை விரிவாக்கும் பேச்சு வந்தபோது, சுற்றியிருந்த மாட்டுப் பண்ணைக்காரர்கள் தங்கள் நிலம் பறிபோகுமோ என்று கொதித்தெழுந்தார்கள். 2017 பிப்ரவரியில், யாருடைய நிலத்தையும் கட்டாயமாக எடுக்க மாட்டோம் என்று அவர்களுடைய தற்காப்பு அமைச்சர் அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த மக்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. கேட்டார்கள், பதில் வாங்கினார்கள். ஆனால் நம் பீரங்கி வண்டி ஓடப்போகிற புல்வெளிக்குக் கிடைத்த விளக்கம், அந்த வண்டிக்குள் உட்காரப்போகிற பையனின் தாய்க்கு ஏன் கிடைக்கவில்லை? இதற்கு உங்களில் யாராவது பதில் சொல்லுங்கள்.

நம் நாட்டில் ஒப்பந்தம் போடுவது அரசாங்கத்தின் அதிகாரம், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். யாரும் சட்டத்தை மீறவில்லை. வெளிநாட்டில் ஏன் பயிற்சி என்றும் நான் கேட்கவில்லை. பீரங்கி சுட்டால் குண்டு கடலில்தான் விழும் என்கிற அளவு தீவு இது. 1967லிருந்து நம் வீட்டுப் பையன்கள் சேவை செய்கிறார்கள், 1975லிருந்து தைவானுக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள், அப்புறம் நியூசிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா, இந்தியா. இந்தியாவின் பாபினாவிலும் கலைக்குண்டாவிலும் நம் படைகள் பயிற்சி செய்வதைச் சொன்னால் ஊரில் இருக்கும் என் அண்ணன் இன்றும் நம்ப மாட்டார். நட்பு நாடுகள் வேண்டும். இதில் சண்டையே இல்லை.

ஆனால் நட்புக்கும் ஒரு விலை உண்டு. 2007 மே மாதம் தைவானின் ஹூகோவில், அந்நாட்டு ஆகாயப்படையின் எஃப்-5 போர் விமானம் நம் வீரர்கள் இருந்த முகாமில் விழுந்தது. நம் தேசிய சேவையாளர்கள் உயிரிழந்தார்கள். 2016 நவம்பரில் தைவான் பயிற்சி முடிந்து திரும்பிய ஒன்பது டெரெக்ஸ் கவச வாகனங்களை ஹாங்காங்கின் குவாய் சுங் துறைமுகத்தில் பிடித்து வைத்தார்கள். தைவானோடு நமக்குள்ள படை உறவைக் கண்டு சீனா முகம் சுளித்தது. வாகனங்கள் திரும்பி வர மறு ஆண்டு ஜனவரி ஆயிற்று. அந்த ஜனவரியில்தான் அமைச்சர் அவையில் விரிவாக விளக்கினார். நல்ல விளக்கம்தான். ஆனால் எப்போதும் ஏதாவது நடந்த பிறகுதானே நமக்கு விளக்கம் வருகிறது?

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025ல் தற்காப்புக்கு ஒதுக்கியது 23.4 பில்லியன் வெள்ளி. நாம் வாங்கும் எஃப்-35 போர் விமானம் ஒன்றின் விலை 90 மில்லியனிலிருந்து 115 மில்லியன் அமெரிக்க டாலர் வரை இருக்கலாம் என்று 2019 மார்ச்சில் அன்றைய அமைச்சர் இங் எங் ஹென் அவையில் சொன்னார். அதற்கு நன்றி. ஆனால் பன்னிரண்டு விமானங்கள் வரை, உதிரிபாகம், பயிற்சி, பராமரிப்பு எல்லாம் சேர்த்து 2.75 பில்லியன் அமெரிக்க டாலர் ஆகலாம் என்கிற மதிப்பீடு நம் காதுக்கு வந்தது எங்கிருந்து? 2020 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் தன் காங்கிரசுக்குக் கொடுத்த அறிவிப்பிலிருந்து. வாங்குகிறவர் நாம், கணக்கு கேட்டது அவர்களுடைய அவை.

அமெரிக்கக் கப்பல்களும் விமானங்களும் நம் தளங்களைப் பயன்படுத்த வழிசெய்த 1990ஆம் ஆண்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தை 2019 செப்டம்பரில் நியூயார்க்கில் 2035 வரை நீட்டித்தார்கள். இரண்டு தலைவர்களின் படத்தைச் செய்தியில் பார்த்தேன். நீட்டித்தது சரியாகவே இருக்கலாம். சரியென்று நினைத்தால் அவையில் எழுந்து சொல்வதில் என்ன தயக்கம்? 2035 ஒன்றும் தொலைவில் இல்லை. இன்று தொடக்கப்பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் அப்போது சீருடையில் இருப்பார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வெளிநாட்டுப் படைகளோடு போடும் ஒப்பந்தங்களை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். அவற்றைப் பார்க்கத் தற்காப்புக்கென்று ஒரு நிலையான தெரிவுக்குழு, அதாவது நாடாளுமன்ற உறுப்பினர்களே உட்கார்ந்து ஆராயும் குழு வேண்டும்.

ரகசியம் என்பீர்கள். எந்த ஏவுகணை எங்கே இருக்கிறது என்று எந்தத் தாயும் கேட்கவில்லை. அரசாங்கச் செலவைச் சரிபார்க்கும் பொதுக் கணக்குக் குழு கதவைச் சாத்திக்கொண்டுதானே கூடுகிறது? அப்படியே இதுவும் கூடட்டும். சொல்லக்கூடாத பகுதியை உறுப்பினர்கள் தங்களோடு வைத்துக்கொள்ளட்டும், மற்றதை எங்களுக்குச் சொல்லட்டும். நாங்கள் தேர்ந்தெடுத்தவர்களையே நம்பி ஒரு காகிதத்தைக் காட்ட முடியாது என்றால், தேர்தல் நாளில் வெயிலில் வரிசையில் நின்றது எதற்கு?

நம் நாடாளுமன்றத்தில் ஏழு நிலைக்குழுக்கள் இருக்கின்றன. அவைக்கட்டட வசதிகளைக் கவனிக்கக்கூட ஒன்று உண்டு. தற்காப்புக்கு ஒன்றும் இல்லை. அரசாங்க நாடாளுமன்றக் குழு இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அது ஆளுங்கட்சி தனக்குள் வைத்திருக்கும் குழு. குழு அமைக்கத் தெரியாத அவையும் அல்ல இது. இணையப் பொய்ச்செய்தி பற்றி 2018ல் எட்டு நாள் பொது விசாரணை நடத்தினீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பூனை வளர்க்கலாமா என்று ஊர் முழுக்கக் கருத்துக் கேட்டுத்தான் 2024ல் அனுமதித்தார்கள். நல்ல முடிவு, எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. பூனைக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசி போதும் எனக்கு.

ஒவ்வோர் ஆண்டும் நம் ஊர் ஷங்ரிலா ஹோட்டலில் உலகத்துத் தற்காப்பு அமைச்சர்கள் கூடி, யார் யாரோடு சேர்ந்து என்ன செய்யலாம் என்று மைக் வைத்துப் பேசுகிறார்கள். வெளிநாட்டு நிருபர்கள் எழுந்து கேள்வி கேட்கிறார்கள், அமைச்சர்கள் பதில் சொல்கிறார்கள். ஆர்ச்சர்ட் சாலைக்குப் பக்கத்தில் முடிகிற காரியம் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஏன் முடியவில்லை? நம் செலவின விவாதத்தில் உடற்தகுதித் தேர்வும் சேவையாளர் சலுகைகளும் பேசப்படுகின்றன. பேசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பையனை அனுப்புகிற நாட்டோடு என்ன எழுதிக்கொண்டோம் என்பதையும் ஒரு மணி நேரம் பேசக்கூடாதா?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன். மரியாதையோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். அவை நடக்கும் விதிகளான நிலையியற் கட்டளைகளைத் திருத்துவது உங்கள் கையில்தான் இருக்கிறது. அதற்கும் ஒரு குழு வைத்திருக்கிறீர்கள். தற்காப்புக்கு ஒரு தெரிவுக்குழு அமைக்கச் சொல்லி உங்களில் ஒருவராவது தீர்மானம் கொண்டுவாருங்கள். அடுத்து எந்த நாட்டோடு படை ஒப்பந்தம் போட்டாலும், கையெழுத்தான சில வாரங்களுக்குள் அதை விளக்கத்தோடு அவையில் வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே நடப்பில் இருப்பவற்றில் ஆஸ்திரேலிய ஒப்பந்தத்திலிருந்து தொடங்கலாம். அது எப்படியும் வெளியே வந்துவிட்டது, ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தமிழில் பேசவும் அவையில் உரிமை இருக்கிறது. யாராவது தமிழிலேயே கொண்டுவந்தால் என் போன்றவர்களுக்கு இன்னும் வசதி. தேதி தெரிந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு பார்வையாளர் மாடத்துக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வட்டாரத்திலிருந்து
ஒரு தேசிய சேவையாளனின் தாய்